நான்காவது பணியாள்

ஒரு நல்ல மனிதருக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று நான் நாலு வருடங்கள் மனதார ஆசைப்பட்டிருக்கிறேன். வேறு தீங்கு எதுவும் நினைக்கவில்லை. காய்ச்சல் வேண்டாம், கால் முறிய வேண்டாம், குடும்பத்தில் ஒரு குறையும் வேண்டாம். ஒரே ஒரு நாள், மதியத்திலிருந்து மாலை வரை, குரல் மட்டும் வராமல் இருந்தால் போதும். இதைவிடச் சிக்கனமாக ஒருவரைச் சபிக்க முடியாது என்று எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த மனிதரின் பெயர் எட்வர்ட். லண்டனில் நான் பாடிக்கொண்டிருந்த ஒபரா கம்பனியில் அவர்தான் முதன்மை அடிக்குரல் பாடகர். நான் அவருடைய ‘கவர்’. அதாவது, அவர் பாடவேண்டிய மூன்று மணிநேரப் பாத்திரத்தை நானும் இத்தாலிய மொழியில் வரி பிசகாமல் பாடமாக்கி வைத்திருக்க வேண்டும். அவருக்கு ஏலாமல் போனால் நான் போய் நிற்க வேண்டும். அவருக்கு ஏலுமென்றால் நான் வழமைபோல நாற்பது பேர் கோரஸில் ஒருவனாக நிற்க வேண்டும். நாலு வருடமும் அவருக்கு ஏலுமாகவே இருந்தது. ஜனவரி மாதத்தில் தொப்பி இல்லாமல் சைக்கிளில் வருவார். ஒத்திகை இடைவேளையில் ஐஸ்கிரீம் சாப்பிடுவார். நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தும்மல்கூட வராது.

என் பாட்டு எங்கள் வீட்டில் ஒரு பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. ஒரு புதிராக இருந்தது. சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தேன். பதின்மூன்று வயதில் குரல் உடைந்தது. உடைந்தது என்ன, நிலவறைக்குள் விழுந்துவிட்டது. சங்கீத ரீச்சர் என் அம்மாவைக் கூப்பிட்டு, “இவருக்கு மிருதங்கம் பாருங்கோவன்” என்று பக்குவமாகச் சொன்னார். ஆனால் ஆங்கிலப் பள்ளிக்கூடத்து இசை ஆசிரியை அதே குரலைக் கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழும்பினார். அப்படித்தான் கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில், ஒரு தமிழ்ப் பெடியன் ஒபராக்காரன் ஆனான்.

சொந்தக்காரர்களுக்கு என்னை எப்படி அறிமுகப்படுத்துவது என்று தெரியாது. “தம்பி பாட்டுப் படிக்கிறார், ஆனால் மைக் இல்லாமல்” என்று சிவபாதம் மாமா சொல்வார். அவருடைய மனைவி, பூமணி மாமி, “அந்தக் கத்துற பாட்டோ?” என்று நேராகவே கேட்பார். ஒருமுறை ஆறு பேர் டிக்கெட் எடுத்து என்னைப் பார்க்க வந்தார்கள். நாற்பது பேருக்குள் நான் எவர் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா மட்டும் ஒரு காட்சியில் மூலையில் நின்ற ஒருவனைக் காட்டி, “உவன்தான் என்ர பிள்ளை” என்று சாதித்து, மற்ற ஐந்து பேரையும் நம்பவைத்திருக்கிறார். (அந்தக் காட்சியில் நான் மேடையிலேயே இல்லை. தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தேன்.) அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. அம்மா மட்டும் இடைக்கிடை கேட்பார்: “நீ எப்ப அப்பு முன்னுக்கு வந்து பாடுவாய்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு எட்வர்டின் தொண்டை தேவைப்பட்டது.

ஒரு சனிக்கிழமை காலை எட்டரைக்கு போன் வந்தது. மேடை நிர்வாகி ஹெலன். எட்வர்டுக்குத் தடிமன், சளி, குரல் கம்மிப்போயிருக்கிறது. மத்தியானம் இரண்டரைக் காட்சிக்கு முன் வந்து பாடிப் பார்ப்பார். ஆனால் அநேகமாக நீதான், என்றாள். குரலை மிச்சம் பிடி, பேசாதே, பதினொரு மணிக்கு வா.

பேசாதே என்றுதானே சொன்னாள். எழுதாதே என்று சொல்லவில்லையே. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டேன்: “இண்டைக்கு இரண்டரைக்கு நான் அரசனாகப் பாடுறன். முக்கியப் பாத்திரம்.” ‘அநேகமாக’ என்ற சொல்லை எழுதவில்லை. அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே வந்திருக்காது.

எங்கள் ஆட்களை ஒரு கலியாணத்துக்கு நேரத்துக்கு வரவைக்க ஏலாது. ஆனால் அன்று காலை நடந்தது வேறு. அரை மணித்தியாலத்துக்குள் செவன் கிங்ஸ், ஃபாரஸ்ட் கேட், சட்டன் மூன்று இடங்களிலிருந்தும் நாற்பத்தொரு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். சட்டனிலிருந்து ஒரு சித்தப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். என்னுடைய நண்பன் ஒருவன் டிக்கெட் அலுவலகத்தில் இருந்ததால் மேல்மாடியில் இரண்டு வரிசை முழுவதும் எங்களுக்குக் கிடைத்தது.

அம்மா குழுவில் ஒன்றும் எழுதவில்லை. குசினிக்குள் போய்க் கொத்தமல்லியை வறுக்கத் தொடங்கிவிட்டார். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு, உள்ளி எல்லாம் இடித்துப் போட்டு, மூன்று கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாக வற்றவைக்கும் மல்லிக் குடிநீர். (தமிழ்நாட்டு நண்பர்கள் வேர்க்கொம்பைச் சுக்கு என்பார்கள், உள்ளியைப் பூண்டு என்பார்கள், குடிநீரைக் கஷாயம் என்பார்கள். எங்களுக்கு அதுதான் குடிநீர்.) அதன் வாசனை பக்கத்து வீட்டுக்காரரை ஜன்னலைச் சாத்தவைக்கும்.

“அம்மா, பாடுறதுக்கு முன்னம் மிளகு குடிக்கக்கூடாது. தொண்டை காய்ஞ்சுபோம்” என்று, பேசக்கூடாது என்பதையும் மறந்து சொன்னேன்.

“ஆர் சொன்னது?”

“படிச்ச ஆக்கள் சொன்னவை.”

“படிச்ச ஆக்களுக்குத் தடிமன் வாறேல்லையோ?” என்று கேட்டுக்கொண்டே குடிநீரைப் பிளாஸ்கில் ஊற்றி என் பையில் வைத்தார். வாக்குவாதம் பண்ணினால் குரல் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

தியேட்டரில் எனக்கு ராஜ மரியாதை. எட்வர்டின் அங்கியை எனக்கு மாட்டினார்கள். அவர் கதவளவு மனிதர். நான் கதவின் பிடியளவு. ஆடை பார்க்கும் பெண் பின்பக்கம் முழுக்க ஊசி குத்தி அங்கியை இறுக்கினாள். முன்பக்கம் நான் அரசன், பின்பக்கம் முள்ளம்பன்றி. அப்படியே கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நாலு வருடம் காத்திருந்தது வீண்போகவில்லை என்று கண்கலங்கியது. அரச நடை ஒன்றும் நடந்து பார்த்தேன்.

அந்த அரச நடைதான் வினை. நடந்துகொண்டிருக்கும்போது எனக்கு ஒரு பெருந்தன்மை வந்துவிட்டது. வென்றவன் தோற்றவனைப் போய்ப் பார்ப்பது மரபல்லவா? எட்வர்ட் அடுத்த அறையில் கழுத்துக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லலாம் என்று நடைபாதையில் இரண்டு தரம் ஒத்திகை பார்த்தேன். வெறும் கையோடு போவது அழகில்லை. பையைத் திறந்தேன். பிளாஸ்க் இருந்தது.

எனக்கு வேண்டாத சாமானை மற்றவருக்குப் பரிசாகக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் புதிதல்ல. பிறந்தநாளுக்கு வந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று எங்களிடையே ஏழு வீடு சுற்றியிருக்கிறது. ஆனால் அதைக் கொடுக்கும்போது இவ்வளவு உருக்கமாக எவரும் பேசியிருக்கமாட்டார்கள். “இது என் அம்மா கையால் செய்தது. எனக்காகத் தந்தார். ஆனால் இன்றைக்கு என்னைவிட உங்களுக்குத்தான் இது தேவை” என்று, முழு அங்கியோடு, கையை நெஞ்சில் வைத்துச் சொன்னேன். பாவம் எட்வர்ட், அவருடைய கண் நிறைந்துவிட்டது. குரல் இல்லாததால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதல் மிடறில் அவர் முகம் சிவந்தது. இரண்டாவதில் மூக்கு ஒழுகத் தொடங்கியது. மூன்றாவதில் மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார் பாருங்கள், சுவரில் மாட்டியிருந்த படம் ஆடியது. கொஞ்சநஞ்சம் இருந்த குரலும் போய்விட்டது என்று நினைத்தேன். கவலையாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி நடந்தபோது என் நடை இன்னும் கொஞ்சம் அரசத்தனமாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

அரை மணித்தியாலம் கழித்து எனக்குத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் முடிந்து, வலது பக்கத்துக்குப் பசை தடவும்போது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஆழமான ஒரு ஸ்வரம். அடைப்பு இல்லை, கரகரப்பு இல்லை. பிறகு அதற்கு மேல் ஒன்று. அதற்கும் மேல் ஒன்று. படிப்படியாக ஏறி உச்சிக்குப் போய், அங்கே நின்று ஒரு கும்மாளம் போட்டு, திரும்பப் படிப்படியாக இறங்கியது. ஒப்பனைக்காரியின் கை என் கன்னத்தில் அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஹெலன் சிரித்த முகத்தோடு வந்து, நல்ல செய்தி என்றாள். என்னுடைய அரைத்தாடியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அது அவளுடைய நல்ல குணம். (மருத்துவ முறைப்படி அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று பின்னர் ஒரு தொண்டை வைத்தியர் எனக்கு உறுதியாகச் சொன்னார். அவருக்கு என் அம்மாவைத் தெரியாது.)

உடனே குடும்பக் குழுவில் எழுதினேன்: “நான் பாடேல்லை. அவருக்குச் சுகமாகிட்டுது. திரும்பிப் போங்கோ.” ஒருவரும் பார்க்கவில்லை. நாற்பத்தொரு பேரும் சுரங்க ரயிலில் இருந்தார்கள். சிவபாதம் மாமா மட்டும் கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். அவர் எதையும் வாசிக்காமலே கட்டைவிரல் அனுப்புகிறவர். ஒரு மரண அறிவித்தலுக்கும் அதைத்தான் அனுப்பினார். ஆகவே தகவல் போய்ச் சேர்ந்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு எடுத்தேன். தியேட்டருக்குள் போனை அணைத்து வைக்க வேண்டும் என்று நானே பல வருடமாகச் சொல்லிக்கொடுத்திருந்ததால், வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே அவர் அதை அணைத்துவிட்டிருந்தார்.

அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு என்னுடைய பழைய உடுப்பைப் போட்டேன். அந்த ஒபராவில் என் வழமையான வேலை கோரஸில் பாடுவது. இரண்டாம் அங்கத்தில் மட்டும் நான்காவது பணியாள். விருந்துக் காட்சியில் வெள்ளித் தட்டத்தில் ஒரு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அரசருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அரசர் ஒன்பது நிமிடம் தன் வாழ்க்கையை நினைத்துப் பாடுவார். பாடி முடித்துக் கிண்ணத்தை எடுத்துக் குடிப்பார். அந்த ஒன்பது நிமிடமும் நான்காவது பணியாளுக்கு வாயைத் திறக்க வேலையில்லை.

திரை திறந்தது. எட்வர்ட் தாடியோடும் கிரீடத்தோடும் வந்து நின்றார். மேல்மாடியில் இரண்டு வரிசையிலிருந்து கைதட்டல் வெடித்தது. இன்னும் ஒரு சொல்கூடப் பாடவில்லை. அவர் உள்ளே போகும்போது தட்டினார்கள், வெளியே வரும்போது தட்டினார்கள், நாற்காலியில் இருந்தபோதும் தட்டினார்கள். மற்ற பார்வையாளர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அன்று எட்வர்ட் தன் வாழ்நாளிலேயே அருமையாகப் பாடினார் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவு கைதட்டலுக்கு எவரும் பாடுவார்கள். கோரஸில் நின்ற நான் மேல்மாடிப் பக்கம் பார்க்காமலே பாடினேன். அந்தத் தாடிக்குப் பின்னால் நான் இருப்பதாக நினைத்து என்னுடைய சனம் பூரித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளை எவ்வளவு வளர்ந்துவிட்டான், எவ்வளவு அகலமாகிவிட்டான் என்று அம்மா என்ன கணக்குப் போடுகிறாரோ!

இரண்டாம் அங்கம் வந்தது. நான் தட்டத்தோடு போய் அரசருக்குப் பக்கத்தில் நின்றேன். முகத்தைக் கொஞ்சம் திருப்பி, கூரையைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். எட்வர்ட் பாடத் தொடங்கினார். ஆறு நிமிடம் ஒரு குறையும் இல்லாமல் போனது. ஏழாவது நிமிடத்தில் அந்தப் பாட்டில் ஓர் இடம் உண்டு. அரசர் பேச்சற்று நிற்பார், வாத்தியங்கள் முழுவதும் ஓயும், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். அந்த அமைதிக்குள் மேல்மாடியிலிருந்து பூமணி மாமியின் குரல், மைக் இல்லாமல், முழுத் தியேட்டருக்கும் கேட்டது.

“இஞ்ச பாருங்கோ! எங்கட குகன் அங்க தட்டத்தோட நிக்கிறான்! அப்ப உவர் ஆர்?”

“சத்தம் போடாத” என்றார் மாமா, அதைவிடச் சத்தமாக.

“இல்லையப்பா, அவன்தான்! அவன்ர காதைப் பாருங்கோ!”

தட்டம் நடுங்கியது. தட்டத்தில் இருந்த கிண்ணம் டக டக டக என்று அடிக்கத் தொடங்கியது. வாத்தியக் குழுவை நடத்துபவர் அந்தத் தாளம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேளக்காரரை முறைத்தார். மேளக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். எட்வர்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முப்பது வருடம் மேடையில் நின்றவர் அல்லவா? என் முகத்தைப் பார்த்தார், மேல்மாடியைப் பார்த்தார், ஏதோ விளங்கிக்கொண்டார். அரசர் மெதுவாகக் கையை நீட்டிப் பணியாளின் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்படியே பிடித்தபடி மீதி இரண்டு நிமிடத்தையும் பாடி முடித்தார். கிண்ணம் அடங்கியது. மேல்மாடியில் அந்த இரண்டு வரிசையும் எழும்பி நின்று தட்டியது. மறுநாள் ஒரு விமர்சகர், அரசனும் பணியாளும் சேர்ந்து நின்ற அந்தக் கணம் இயக்குநரின் அபாரக் கற்பனை என்று எழுதியிருந்தார்.

ஐந்தரை மணிக்கு மேடைக் கதவால் வெளியே வந்தேன். நாற்பத்தொரு பேரும் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சிவபாதம் மாமா கையில் பொன்னாடையோடு நின்றார். அவருடைய கார் டிக்கியில் எப்போதும் இரண்டு மூன்று பொன்னாடை இருக்கும்; ரயிலில் வந்தாலும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் வருவார். எந்த விழாவில் யாருக்குத் தேவைப்படும் என்று சொல்ல முடியாது. கொண்டுவந்த பொன்னாடையைப் போர்த்தாமல் திரும்பிக் கொண்டுபோவது அவருடைய வழக்கத்தில் இல்லை. அந்த நேரம் பார்த்து எட்வர்ட் கதவைத் திறந்துகொண்டு, கையில் பிளாஸ்கோடு வந்தார். மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார், ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு முன்னுக்கு வந்து அவருக்குப் போர்த்திவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறு என்ன செய்ய?

எட்வர்ட் அம்மாவிடம் பிளாஸ்கை இரண்டு கையாலும் கொடுத்து, உங்கள் மகன் தனக்கென்று வைத்திருந்த மருந்தை எனக்குத் தந்துவிட்டார், இப்படி ஒருவரை இந்தத் தொழிலில் நான் கண்டதில்லை என்று சொன்னார். சித்தப்பா அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். மாமா எல்லோரையும் திரும்பிப் பார்த்து, “தன்ர சந்தர்ப்பத்தையே விட்டுக் குடுத்திருக்கிறான், பாருங்கோ” என்றார். ஒரு நிமிடத்துக்குள் நான் தியாகி ஆகிவிட்டேன். மறுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அன்று கிடைத்த ஒரே பாத்திரம் அதுதான். தலையைக் குனிந்து அடக்கமாக நின்றேன்.

ரயிலில் அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார். பிளாஸ்கைத் திறந்து பார்த்தார். “ஒரு சொட்டும் மிச்சமில்லை” என்றார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

“நீ பாவம் பாத்துக் குடுக்கேல்லை, என்ன?”

நான் பிளாஸ்கின் மூடியை வாங்கித் துடைத்தேன்.

“அந்த மனுசனுக்கு முன்னால பெரியாளாத் தெரியவேணும் எண்டு குடுத்தனி. உன்னை எனக்குத் தெரியாதே?” மூடியை என் கையிலிருந்து வாங்கிப் பிளாஸ்கை மூடினார். “எனக்கும் சரியான ஆசையா இருந்தது அப்பு, உன்னை முன்னுக்குப் பாக்க.”

எனக்கு அழுகை வந்தது. ஒரே பெட்டியில் நாற்பது சொந்தக்காரர்கள் இருந்ததால் அழவில்லை. எதிரே இருந்த பூமணி மாமி கைப்பையிலிருந்து ஒரு வடையை எடுத்து, பேப்பரோடு என் மடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும், மாப்பிள்ளை வீட்டுத் தட்டங்கள் தூக்குகிற பெண்களின் வரிசையில் எனக்கும் ஒரு தட்டம் ஒதுக்கிவிடுவார்கள். “குகன் பழகினவன், விழுத்தமாட்டான்” என்பார்கள். பட்டுச் சேலைகளுக்கு நடுவே ஓர் அடிக்குரல்காரன் பழத்தட்டத்தோடு போவதை எத்தனையோ ஆல்பங்களில் காணலாம்.

மூன்று வருடம் கழித்து எட்வர்ட் வேறு நாட்டுக்குப் போனார். அந்த அரசன் பாத்திரம் எனக்கே வந்தது. ஒருவருக்கும் ஒரு சுகக்கேடும் வராமல், முறைப்படி, என் பெயர் அச்சடித்து. முதல் நாள் ஐம்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அம்மா முன் வரிசையில் இருந்தார். அந்த ஏழாவது நிமிட அமைதியில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் பாடி முடித்தபோது தியேட்டர் முழுக்க எழும்பி நின்றது.

வெளியே வந்ததும் பூமணி மாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“நல்லாத்தான் பாடினாய் ராசா. அதில ஒரு குறையும் இல்லை” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா அந்தத் தட்டத்தோட நிண்ட பெடியன் சரியில்லை. தட்டத்தைச் சரிச்சுப் பிடிச்சான், ஒருக்கா மூக்கையும் சொறிஞ்சான். நீ அண்டைக்கு நிண்டது எவ்வளவு வடிவு! நாங்கள் எல்லாரும் உன்னைத்தானே பாத்துக்கொண்டிருந்தனாங்கள். அந்த அரசன் என்ன பாடினவரெண்டு எங்களுக்கு இண்டைக்குத்தான் தெரியும்.”